ஃபைப்ராய்டு: அளவை மட்டும் பார்த்து அறுவையை முடிவு செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் 36 வயது வாசகி ஒருவர், கருப்பையில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு (கருப்பையின் தசையில் வளரும், புற்றல்லாத கட்டி) இருப்பதாகவும், கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்கு முன் அதை எடுத்துவிட வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். ‘முதலில் கட்டியை அகற்றிவிடுங்கள், பிறகு ஐவிஎஃப் செய்துகொள்ளலாம்’ என்று பதில் முடிந்துவிட்டது. பெங்களூரில் மகளிர் மருத்துவத்திலும் குழந்தைப்பேறு சிகிச்சையிலும் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்தப் பதில் சில பெண்களுக்கு முற்றிலும் சரி. வேறு பலருக்கு அது அரை வருடத்தையும் கருப்பையில் ஒரு தழும்பையும் வீணாகக் கொடுத்துவிடும். 36 வயதில் அரை வருடம் சின்ன விஷயமில்லை.

வாசகியின் கேள்வியில் கட்டியின் அளவு இருந்தது, இடம் இல்லை. இடம் தெரியாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கருப்பையின் உள்ளறைக்குள், அதாவது கரு ஒட்டி வளரும் இடத்துக்குள், நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை செ.மீ. கட்டி கரு ஒட்டுவதைக் கெடுக்கும். வெளிப்பக்கம் காம்போடு தொங்கும் 6 செ.மீ. கட்டி கரு ஒட்டுவதில் தலையிடுவதே இல்லை. ஆனால் ஸ்கேன் முடிந்து வெளியே வருகிறவர்கள் எலுமிச்சை அளவு, ஆரஞ்சு அளவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டிலும் அளவைத்தான் கேட்கிறார்கள்.

உலக மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ 2011-இல் வெளியிட்ட வகைப்பாடு இதற்காகவே உள்ளது. 0 முதல் 8 வரை எண்கள். 0 என்றால் கட்டி முழுவதும் உள்ளறைக்குள் காம்பில் தொங்குகிறது. 1 என்றால் பாதிக்கு மேல் உள்ளறையில், மீதி தசைச்சுவரில். 2 என்றால் பாதியோ அதற்கு மேலோ சுவரில், மீதி உள்ளறையில். 3 முழுக்கச் சுவருக்குள் இருந்தாலும், உள்ளறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உள்வரிச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருப்பது. 4 சவ்வைத் தொடாமல் சுவருக்குள்ளேயே இருப்பது. 5, 6 இரண்டும் வெளிப்பக்கம் புடைத்தவை. 7 வெளியே காம்பில் தொங்குவது. 8 என்பது கருப்பைக் கழுத்து போன்ற பிற இடங்களில் வருவது. சில அறிக்கைகளில் 2-5 என்று இரட்டை எண் இருக்கும். கட்டி சுவரின் முழுத் தடிமனையும் நிறைத்து, உள்ளேயும் வெளியேயும் துருத்துகிறது என்று பொருள். இந்த எண் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு பலர் அறுவை அரங்குக்குப் போகிறார்கள்.

0, 1, 2 ஆகிய மூன்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 2009-இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பில், உள்ளறையில் துருத்தும் கட்டி உள்ளவர்களின் கருத்தரிப்பு வாய்ப்பு, கட்டி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இடத்தை அடைத்துக்கொள்வது மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்தக் கட்டிகள் சுரக்கும் சில புரதங்கள், கரு ஒட்டுவதற்கு உள்வரிச் சவ்வைத் தயார்செய்யும் மரபணுச் செயல்பாட்டையே மட்டுப்படுத்துகின்றன. கட்டிக்கு நேர் மேலே உள்ள சவ்வில் மட்டுமல்லாமல் உள்ளறை முழுவதிலும் அந்த விளைவு தெரிகிறது. அதனால்தான் ‘கரு வேறு மூலையில் ஒட்டிக்கொள்ளாதா’ என்று கேட்பவர்களிடம் அப்படி நம்பி இருக்க முடியாது என்கிறோம். இந்த வகைக் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல கருவை உள்ளே வைப்பது அந்தக் கருவை வீணடிப்பது.

5, 6, 7 வகைகளிலும் பெரிய சர்ச்சை இல்லை. கரு ஒட்டுவதற்காக என்று சொல்லி அவற்றை எடுக்கத் தேவையில்லை. சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, வயிறு புடைத்துவிட்டது, சினைப்பையை மறைத்து முட்டை எடுக்கும் ஊசிக்கு வழியில்லாமல் செய்கிறது என்றால் அந்தக் காரணங்களுக்காக எடுக்கலாம்.

சண்டை முழுவதும் 3, 4 வகைகளில்தான். 2010-இல் வந்த இன்னொரு தொகுப்பு, உள்ளறையை உருக்குலைக்காத சுவர்க் கட்டி உள்ளவர்களுக்கு ஐவிஎஃப்-இல் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டது. இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் எடுத்துவிடலாமே’ என்று தாவுவதில்தான் பிழை நுழைகிறது. கட்டி இருப்பதால் வாய்ப்பு குறைகிறது என்பது ஒரு கூற்று. கட்டியை வெட்டி எடுத்தால் அந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கும் என்பது வேறொரு கூற்று. அது தனியாக நிரூபிக்கப்பட வேண்டும். சுவரைப் பிளந்து கட்டியைத் தோண்டித் தைத்த கருப்பை, கட்டி வராத கருப்பையாக மாறிவிடாது. தழும்பு இருக்கும், ஒட்டுதல் வரலாம். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு எதுவும் தராத, உள்ளறையை உருக்குலைக்காத கட்டிகளைக் கருத்தரிப்புக்காக என்று அகற்றுவதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் புதுப்பித்த ஆய்வும் அறுவையால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. இந்த வகையில் எங்கள் நடைமுறை இதுதான்: 4-ஆம் வகை, 4 செ.மீ.க்குக் கீழ், தொந்தரவு இல்லை என்றால் கட்டியை அப்படியே விட்டுவிட்டு ஐவிஎஃப் தொடங்குவது. 3-ஆம் வகையோ, 5 செ.மீ.க்கு மேற்பட்ட 4-ஆம் வகையோ இருந்து, தரமான கருக்களை வைத்தும் ஒட்டவில்லை என்றால் அப்போது அறுவையைப் பற்றிப் பேசுவது. இந்த எல்லைகளை வேறு மருத்துவர்கள் ஒரு செ.மீ. மேலேயோ கீழேயோ வைப்பார்கள். அது தப்பில்லை. காரணத்தைச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, முதலில் தேவைப்படுவது வரைபடம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இதற்குப் போதாது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டிவிஎஸ் ஸ்கேன் வேண்டும். உள்ளறை சம்பந்தமான சந்தேகம் இருந்தால் மாதவிலக்கு தொடங்கிய 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள், ரத்தப்போக்கு நின்ற பிறகு, மெல்லிய குழாய் வழியாக 5 முதல் 10 மி.லி. வரை உப்புநீரை உள்ளே செலுத்திப் பார்க்கும் சலைன் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நாட்களில் சவ்வு மெல்லியதாக இருக்கும், கர்ப்பம் இல்லை என்பதும் உறுதி. நீர் உள்ளறையை விரித்துக் காட்டும்போது 2-ஆம் வகையா 3-ஆம் வகையா என்பது தெளிவாகிவிடும். சாதாரண டிவிஎஸ்-இல் இந்த இரண்டும் குழம்புவது அன்றாடம் நடப்பது. ஒன்றுக்கு அறுவை வேண்டும், மற்றதற்குப் பெரும்பாலும் வேண்டாம். மாதவிலக்குக்கு முந்திய வாரத்தில் சவ்வு தடித்திருக்கும்போது ஸ்கேன் செய்துவிட்டு ‘பாலிப் (சவ்வில் வளரும் சதை) போலத் தெரிகிறது’ என்ற அறிக்கையோடு வருகிறவர்களும் உண்டு. மாரிக்குப்பம் ரயிலில் கே.ஜி.எஃப்.-இலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்களும், ஒசூர்ப் பக்கத்திலிருந்து பேருந்து மாறி வருகிறவர்களும் தேதியைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தால் இன்னொரு நடை மிச்சமாகும். போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கடைசி மாதவிலக்குத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

அறிக்கையில் ‘மல்டிப்பிள் ஃபைப்ராய்ட்ஸ், லார்ஜஸ்ட் 4.2 செ.மீ.’ என்று எழுதி முடித்திருந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எத்தனை கட்டி, ஒவ்வொன்றும் முன்சுவரிலா பின்சுவரிலா மேல்தளத்திலா, ஃபிகோ எண் என்ன, உள்வரிச் சவ்வு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, கட்டியின் வெளி விளிம்புக்கும் கருப்பையின் வெளிப்போர்வைக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் தசை மிச்சம், இரண்டு சினைப்பையும் ஊசி எட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை. பெரும்பாலான ஸ்கேன் மருத்துவர்கள் கேட்டால் எழுதித் தருவார்கள்.

நான்கைந்து கட்டிகளுக்கு மேல் இருந்தாலோ, கருப்பை மிகப் பெரிதாகிவிட்டாலோ, அடினோமயோசிஸ் சந்தேகம் இருந்தாலோ எம்ஆர்ஐ எடுப்பதில் காசு வீணாகாது. இந்த அடினோமயோசிஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது கட்டி கிடையாது. உள்வரிச் சவ்வின் திசு தசைச்சுவருக்குள் ஊடுருவிப் பரவுவது. சில நேரம் ஓரிடத்தில் திரண்டு ஸ்கேனில் ஃபைப்ராய்டு போலவே தெரியும். ஃபைப்ராய்டைச் சுற்றி ஓர் உறை உண்டு; வெட்டினால் கட்டி தனியாகப் பிதுங்கி வரும். அடினோமயோசிஸுக்கு உறையும் இல்லை, எல்லையும் இல்லை. ஃபைப்ராய்டு என்று நம்பி உள்ளே போன அறுவை மருத்துவர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நல்ல தசையையும் சேர்த்து வெட்ட நேரிடும். ரத்தம் கூடுதலாகப் போகும், தையல் இறுக்கமாக நிற்காது, பின்னால் வரும் கர்ப்பத்தில் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும். மாதவிலக்கில் ரத்தப்போக்கோடு தாங்க முடியாத வலியும், கருப்பை ஒரே சீராகப் பருத்திருப்பதும் இருந்தால் எம்ஆர்ஐ இல்லாமல் அறுவைக்குத் தேதி வாங்க வேண்டாம்.

கட்டியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோவது இன்னொரு கோளாறு. கணவரின் விந்தணுப் பரிசோதனை, மனைவியின் ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கருக்குழாய்களின் நிலை இந்த மூன்றும் கையில் இல்லாமல் அறுவையை முடிவு செய்யக் கூடாது. விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் தம்பதிக்கு 5 செ.மீ. வெளிக்கட்டியை எடுத்துக் கொடுத்து என்ன பயன்? இன்னமும் எங்களிடம் வரும் கணவர்களில் ஒரு பகுதியினர் அந்தச் சோதனைக்கு மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுபோலக் கடைசி நிமிடத்தில்தான் சம்மதிக்கிறார்கள்.

இனி அறுவை. 0, 1, 2 வகைகளுக்கு வயிற்றில் வெட்டு இல்லை. ஹிஸ்டரோஸ்கோப் என்ற கேமராக் கருவியைக் கருப்பைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, மின்கம்பி வளையத்தாலோ சுழல் வெட்டியாலோ கட்டியைச் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். எளிதாகத் தெரிந்தாலும் இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. உள்ளறையை விரித்து வைக்க விடப்படும் திரவத்தில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். சாதாரண உப்புநீர் என்றால் ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த வித்தியாசம் 2500 மி.லி.யைத் தாண்டக் கூடாது. பழைய மோனோபோலார் கருவிக்குப் பயன்படும் கிளைசின் என்றால் எல்லை 1000 மி.லி.தான், தாண்டினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும் அபாயம் உண்டு. எல்லை வந்ததும் கட்டி பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ‘இரண்டாவது தடவை வரச் சொல்லிவிட்டார்’ என்று அந்த மருத்துவரைக் குறை சொல்கிறவர்களுக்கு எங்கள் பதில்: அவர் சரியாகச் செய்திருக்கிறார். 2-ஆம் வகையில், 3 செ.மீ.க்கு மேல் போகும் கட்டிகளுக்கு இரண்டு அமர்வு தேவைப்படலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது வேறு.

மேலே கேட்ட மில்லிமீட்டர் கணக்கு இங்கேதான் உதவும். கட்டிக்கு வெளியே குறைந்தது 5 மி.மீ. தசை இல்லாவிட்டால் உள்ளிருந்து சீவும்போது கருப்பையில் துளை விழுந்து குடலுக்குக் காயம் போகலாம். அப்படிப்பட்ட கட்டியை, வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் எடுப்பதே பாதுகாப்பு.

இந்த முறையின் மெதுவான விளைவு உள்ளறை ஒட்டுதல். முன்சுவரிலும் பின்சுவரிலும் நேருக்கு நேராக இரண்டு கட்டிகள் இருந்து இரண்டையும் ஒரே நாளில் சீவினால், இரண்டு பச்சைப் புண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு வழக்கத்தைவிடக் குறைந்துபோவது அதன் அடையாளம். எதிரெதிர்க் கட்டிகளை இரண்டு தடவையாக எடுப்பதும், ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சின்ன ஹிஸ்டரோஸ்கோப்பால் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்து மெல்லிய ஒட்டுதல்களை விலக்கிவிடுவதும் கரு வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. இந்த இரண்டாவது பார்வைக்கு ஆகும் செலவை முதல் அறுவைக்கு மதிப்பீடு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு, மூன்று மாதவிலக்குச் சுழற்சிக்குப் பின் கரு வைக்கலாம்.

சுவர்க் கட்டிகளுக்கு லேப்ராஸ்கோப்பியோ திறந்த அறுவையோ தேவைப்படும். சின்னத் துளையில் செய்தால் வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் தாயாகப் போகிறவருக்கு வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு முக்கியமில்லை. கருப்பையில் போட்ட தையல்தான் முக்கியம். கட்டி இருந்த குழியை அடியிலிருந்து இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து மூட வேண்டும். மேலோட்டமாக ஓர் அடுக்கு மட்டும் தைத்தால் உள்ளே குழி மிஞ்சி ரத்தம் தேங்கும், தசை சேராது. ரத்தத்தை நிறுத்துவதற்காகச் சுவரை மின்சாரத்தால் அளவுக்கு மீறிச் சுடுவதும் அதே கெடுதலைச் செய்யும்; சுட்ட தசை செத்துப்போய் மெலிந்த தழும்பாகிவிடும். பின்னாளில் கர்ப்பத்தில் கருப்பை பிளப்பது அரிதுதான், நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பிளந்தால் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து. எனவே லேப்ராஸ்கோப்பியில் அடுக்கடுக்காகத் தைத்துப் பழகிய கை இல்லை என்றால் திறந்து செய்வதே மேல். பெரிய கட்டிகள் ஏழெட்டு இருப்பவரிடம் ‘எல்லாவற்றையும் துளை வழியாகவே எடுத்துவிடுவேன்’ என்று ஒருவர் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

ரத்தம். மாதம்தோறும் அதிகம் போய் ஹீமோகுளோபின் 8-இல் இருப்பவரை அப்படியே மேசையில் ஏற்றக் கூடாது. குறைந்தது 10 கிராமுக்கு மேல், முடிந்தால் 11 வரை கொண்டுவந்த பிறகு திட்டமிட்ட அறுவை செய்வது நல்லது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரத்தநாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்றலாம். ஒரு தடவையில் 1000 மி.கி. வரை ஏற்றும் மருந்துகள் உள்ளன, மூன்று நான்கு வாரத்தில் பலன் தெரியும். லூப்ரோலைடு என்ற ஹார்மோன் மருந்தின் 3.75 மி.கி. ஊசியை மாதம் ஒன்றாக மூன்று மாதம் போட்டால் மாதவிலக்கு நின்று ரத்தம் ஏறும், கட்டியும் சுருங்கும். ஊசியை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும், ஆகவே இது தனிச் சிகிச்சை கிடையாது. கட்டி மிருதுவாகி, உறை பிரியும் தளம் மங்கலாகிவிடுவதால் சில மருத்துவர்கள் இதை விரும்புவதும் இல்லை. அறுவையின்போது ரத்தக்குழாய்களைச் சுருக்க வாசோப்ரெசின் ஊசியோ, கருப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கும் பட்டையோ பயன்படுத்துவார்கள். இத்தனைக்குப் பிறகும் அரிதாக ரத்தப்போக்கு நிற்காமல் கருப்பையையே அகற்ற நேரலாம் என்ற வரி சம்மதப் படிவத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் கணவன், மனைவி இருவரும் படித்துப் பேசியிருக்க வேண்டும்.

துளை வழியாகப் பெரிய கட்டியை வெளியே கொண்டுவர அதைத் துண்டு துண்டாக்கும் மோர்செலேட்டர் கருவி பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்தது மிக அரிதாகச் சார்க்கோமா என்ற புற்றாக இருந்தால், வயிற்றுக்குள் துண்டாக்குவது அதைப் பரப்பிவிடும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-இல் இதைப் பற்றி எச்சரித்தது. 2020-இல் பைக்குள் அடைத்து மட்டுமே துண்டாக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பை பயன்படுத்துவீர்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். எடுத்த திசு கட்டாயம் பயாப்ஸிக்குப் போக வேண்டும்.

தையல் ஆறும் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. சுவரில் ஆழமாக வெட்டியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதம். அந்தக் காத்திருப்புதான் 36, 38, 40 வயதினருக்குக் கணக்கையே மாற்றுகிறது. கட்டி காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. அறுவை உண்மையாகவே தேவைப்படுகிற, ஆனால் ஏஎம்எச் குறைந்த அல்லது 37, 38 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் 10 முதல் 12 நாள் ஊசி போட்டு முட்டைகளை எடுத்து, கருவாக்கி, 5-ஆம் அல்லது 6-ஆம் நாள் நிலையில் உறையவைத்துவிடுவது, பிறகு அறுவை, தையல் ஆறியபின் உறைந்த கருவை எடுத்து வைப்பது. முட்டைகள் குறைவாகக் கிடைத்தால் இரண்டு சுழற்சி எடுத்துச் சேர்த்து வைக்கலாம். இந்தக் கருக்கள் அறுவைக்கு முந்திய வயதின் கருக்களாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து வைத்தாலும் அவற்றின் தரம் குறைவதில்லை. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருவூட்டல் ஒழுங்குமுறைச் சட்டப்படி கருக்களைப் பத்து ஆண்டு வரை சேமித்து வைக்கலாம். பெண்ணுக்குச் சிகிச்சை 50 வயதுக்குள் முடிய வேண்டும். ஐவிஎஃப் செய்யும் மையம் அந்தச் சட்டப்படி லெவல் 2 ஆகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்படி வரிசை மாற்றுவதில் ஒரு நிபந்தனை உண்டு. கட்டி சினைப்பையை மேலே தள்ளிவிட்டு, பிறப்புறுப்பு வழி ஊசி எட்டாத நிலையில் இருந்தால் முதலில் முட்டை எடுப்பது சிரமம். சில நேரம் வயிற்றின் வழியாக ஊசி போட்டு எடுக்கலாம், அதற்கும் வழியில்லை என்றால் அறுவைதான் முதலில். 30 வயது, ஏஎம்எச் நன்றாக உள்ளது, கருக்குழாய் திறந்திருக்கிறது, கணவரின் அறிக்கை இயல்பு என்றால் கதையே வேறு. அவருக்கு 1-ஆம் வகைக் கட்டியை எடுத்துவிட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ இயற்கையாக முயலச் சொல்லலாம், ஐவிஎஃப்-ஐப் பற்றிப் பேச்சே வேண்டியதில்லை.

லேப்ராஸ்கோப்பி செய்ய முடிவானால், கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நீர் உள்ளறைக்குள் கசிந்து கருவைக் கெடுக்கும். ஐவிஎஃப்-க்கு முன் அந்தக் குழாயை எடுப்பதோ அடைப்பதோ பலன் தரும் என்பதற்குச் சான்று வலுவானது. அதே மயக்கத்திலேயே முடித்துவிடலாம். அதற்கான சம்மதம் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரத்தக்குழாயை அடைத்துக் கட்டியைச் சுருக்கும் எம்போலைசேஷன் முறையை, குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சினைப்பைக்குப் போகும் ரத்தமும் குறையலாம், பின்வரும் கர்ப்பங்களில் கருச்சிதைவும் அதிகம். கட்டியைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடி, கஷாயங்களில் மாதங்களைச் செலவிடாதீர்கள்.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கும் நேர்மையாகச் சொல்ல வேண்டியது உண்டு. கர்ப்ப காலத்தில் கட்டிக்கு ரத்தம் போதாமல் உள்ளே சிதைந்து, பெரும்பாலும் நான்காம் மாதத்துக்கு மேல், கடுமையான வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். படுக்கை ஓய்விலும் வலி மருந்திலும் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். குழந்தை குறுக்காகவோ தலை மேலாகவோ இருப்பது, சிசேரியன் ஆவது இவை சற்றுக் கூடுதல். ‘கட்டி இருக்கும் பையில் குழந்தை எப்படி வளரும்’ என்று அத்தையும் பெரியம்மாவும் பயமுறுத்துவார்கள். ஃபைப்ராய்டோடு பிள்ளை பெற்றவர்கள் அந்தக் குடும்பத்திலேயே இருப்பார்கள், ஸ்கேன் இல்லாத காலம் என்பதால் தெரிந்திருக்காது.

செலவைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இங்குள்ள நம்மவர்களில் பலர் ஐடி நிறுவனங்களின் குழுக் காப்பீட்டை நம்பி இருக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த நிலையான விலக்குப் பட்டியலில் 17-ஆம் எண் குழந்தையின்மைச் சிகிச்சைக்கானது. ஐவிஎஃப் செலவு அதில் அடிபடும். ஃபைப்ராய்டு அறுவை அதில் சேராது, ஆனால் தனிநபர் பாலிசிகள் பலவற்றில் அதற்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. முன் அனுமதிப் படிவத்தில் ‘இன்ஃபெர்ட்டிலிட்டி’ என்பதைத் தலைப்பாக எழுதி அனுப்பினால் நிராகரிப்பு வரும். அதிக ரத்தப்போக்கும் ரத்தசோகையும் இருப்பவருக்கு அவைதான் அறுவையின் மருத்துவக் காரணம் என்றால் அதை, ஹீமோகுளோபின் அறிக்கையோடும் டி25 என்ற நோய்க் குறியீட்டோடும் எழுத வேண்டும். இல்லாத ரத்தப்போக்கை எழுதச் சொல்லாதீர்கள். பின்னால் எல்லாக் கோரிக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். காப்பீடு இல்லாதவர்கள் வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி சார்ந்த மருத்துவமனைகளின் மகளிர் பிரிவை அணுகலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழான ரேஷன் அட்டை உள்ளவர்கள் அங்குள்ள ஆரோக்கிய மித்ரா (திட்ட உதவியாளர்) மேசையில் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா அரசு மருத்துவ உதவித் திட்டத்தைப் பற்றி முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

அறிக்கை ஆங்கிலத்தில், விளக்கம் கன்னடத்தில், முடிவு வீட்டில் தமிழில் என்றுதான் இங்கு பெரும்பாலும் நடக்கிறது. இடையில் பாதி விஷயம் உதிர்ந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கேள்விகளைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள்: என் கட்டியின் எண் என்ன, உள்ளறை வளைந்திருக்கிறதா, எடுக்காமல் ஒரு தடவை கரு வைத்துப் பார்த்தால் என்ன நஷ்டம், எடுத்தால் எத்தனை மாதம் தள்ளிப்போகும், அதற்குள் என் முட்டைகள் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அறுவைத் தேதி தருபவரிடம் தேதி வாங்க வேண்டாம்.

தங்கள் வாசகிக்கு: சலைன் ஸ்கேனும் ஏஎம்எச்சும் செய்துவிட்டு மீண்டும் எழுதச் சொல்லுங்கள். உள்ளறைக்குள் துருத்தும் கட்டி என்றால் தாங்கள் வெளியிட்ட பதிலே அவருக்குச் சரி. இல்லை என்றால் அவர் அடுத்த மாதமே ஐவிஎஃப் தொடங்கலாம்.

அறுவை செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள். எத்தனை கட்டி, எந்தச் சுவர், உள்ளறை திறக்கப்பட்டதா, எத்தனை அடுக்குத் தையல் என்பவை அதில் இருக்கும். உள்ளறை திறக்கப்பட்டிருந்தாலோ ஆழமான வெட்டுகள் இருந்தாலோ பிரசவ வலி வரும் வரை காத்திருக்காமல் 37, 38-ஆம் வாரத்தில் சிசேரியன் செய்வார்கள். வெளியே காம்பில் தொங்கிய கட்டியை மட்டும் எடுத்திருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. மூன்று வருடம் கழித்து ஊரில் அம்மா வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேரும்போது அங்குள்ள மருத்துவருக்கு இதைச் சொல்ல அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
மகளிர் மருத்துவ, குழந்தைப்பேறு சிகிச்சைப் பணியாளர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு